பொம்மை பறந்தது; பெண் பறக்கலாகாதா?



பொம்மலாட்டம் நமக்குப் புதிதன்று. நூலில் ஆடும் மரப்பாவையைத் திருவள்ளுவர் காலத்திலேயே தமிழர் அறிந்திருந்தனர். ஆனால் போர் விமானம் ஓட்டும் பொம்மைப் பெண்ணை நாங்கள் கண்டது இந்த ஆண்டு விடுமுறையில்தான். அந்தப் பொம்மை எங்களைச் சிரிக்க வைத்தது. பிறகு சிந்திக்க வைத்தது. அந்தச் சிந்தனையைத் தங்கள் முன் வைப்பதே பத்தாம் வகுப்பு மாணவியராகிய எங்கள் நோக்கம்.

1967ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் இங்கிலாந்துத் தொலைக்காட்சியில் 'கேப்டன் ஸ்கார்லெட்' என்னும் பொம்மைத் தொடர் ஆரம்பமாயிற்று. ஜெரி ஆண்டர்சன், சில்வியா ஆண்டர்சன் என்னும் தம்பதியர் தயாரித்த அத்தொடர் 32 பகுதிகளைக் கொண்டது. கதை நடப்பது 2068ஆம் ஆண்டில். செவ்வாய்க் கிரகத்திலிருந்து வரும் ஆபத்தினின்று உலகத்தைக் காக்க ஒரு படை இருக்கிறது. அப்படையின் தளமோ தரையில் இல்லை. 40,000 அடி உயரத்தில் வானிலே மிதக்கிறது. அங்கிருந்து போர் விமானத்தில் பாய்ந்து செல்பவர்கள் ஐந்து பெண்கள். பிரான்சு நாட்டு டெஸ்டினி, ஜப்பானின் ஹார்மனி, இங்கிலாந்தின் ராப்சடி, அமெரிக்காவின் சிம்பனி, அதே அமெரிக்காவின் கறுப்பினப் பெண்ணான மெலடி. இந்த ஐவர் குழுவுக்கு 'ஏஞ்சல்ஸ்' என்று பெயர். நம் பாட்டிமார் மொழியில் சொன்னால் சம்மனசுகள்!

இந்தப் பொம்மைகள் ஏறத்தாழ இரண்டடி உயரமே உள்ளவை. மெல்லிய கம்பிகளைக் கொண்டு மேலேயிருந்து இவற்றை இயக்கினார்கள். அதே கம்பி வழியாக மின்சாரமும் சென்றது. முன்பே பதிவு செய்த குரலுக்கு ஏற்ப உதடுகள் அசைந்தது அதனால்தான். ஆயினும் இப்பொம்மைகளுக்கு ஒரு குறை உண்டு. இயல்பாக நடக்க அவற்றால் முடியாது. ஆகவே பெரும்பாலும் உட்கார்ந்த நிலையிலோ, இடுப்புக்கு மேலே மட்டுமோ அவற்றைக் காட்டினார்கள். விமானிக்கு அது ஒரு குறையே இல்லை, ஏனெனில் விமானியின் வேலையே உட்கார்ந்து செய்வதுதானே! நடக்க இயலாத பொம்மை வானத்தில் பறந்தது.

பொம்மை பறந்த அதே 1967இல் உண்மைப் பெண்ணின் நிலை என்ன? தொடர் உருவான இங்கிலாந்தின் விமானப்படையில் அன்று எந்தப் பெண்ணும் போர் விமானம் ஓட்ட அனுமதி இல்லை. ஜோ சால்ட்டர் என்னும் பெண்மணி அந்நாட்டின் முதல் பெண் போர் ஜெட் விமானியானது 1990களின் நடுவில்தான். சிம்பனியும் மெலடியும் பிறந்ததாகச் சொல்லப்படும் அமெரிக்காவில் அந்தத் தடை நீங்கியது 1993இல். டெஸ்டினியின் பிரான்சு நாட்டில் கரோலின் ஏகிள் முதல் பெண் போர் விமானியாகத் தகுதி பெற்றது 1999இல். ஹார்மனியின் ஜப்பானில் மிசா மட்சுஷிமா அப்பெருமையைப் பெற்றது 2018இல். பொம்மை ஹார்மனிக்கும் உண்மை மிசாவுக்கும் இடையே 51 ஆண்டுகள்! பெண் உருவத்திலுள்ள பொம்மையை வானில் ஏற்றிப் பார்க்க உலகம் அஞ்சவில்லை. உயிருள்ள பெண்ணை ஏற்றத்தான் அஞ்சியது.

பெண்ணுக்கு ஆற்றல் இல்லை என்பதாலா இத்தனை தாமதம்? இல்லவே இல்லை. 1937லேயே துருக்கி நாட்டின் சபிஹா கோக்சென் இராணுவ விமானியாகப் பறந்தார். இரண்டாம் உலகப் போரில் சோவியத் நாட்டின் லிதியா லித்வியாக் 1942இல் ஸ்டாலின்கிராடு வானில் போர் விமானம் ஓட்டினார். 1943இல் உயிர் நீத்தபோது அவருக்கு வயது 21. பொம்மைத் தொடர் வருவதற்குக் கால் நூற்றாண்டு முன்பே பெண் தன் திறமையை மெய்ப்பித்துவிட்டாள். திறமை இருந்தது, அனுமதிதான் இல்லை. பொம்மையைத் தூக்கிப் பிடித்தது கம்பி. பெண்ணைக் கீழே இழுத்துப் பிடித்ததும் ஒரு கம்பியே. அது கண்ணுக்குத் தெரியாத கம்பி!

அந்த ஐந்து பொம்மைகளில் இந்தியப் பெண் ஒருத்தியும் இல்லை. ஆனால் அதற்காக நாம் வருந்த வேண்டியதில்லை. நம் நாட்டுக் கதை பொம்மையில் தொடங்கவில்லை. உண்மைப் பெண்களிடமே தொடங்குகிறது. சென்னையில் வாழ்ந்த உஷா சுந்தரம் அம்மையார் நாடு விடுதலை பெற்ற காலத்திலேயே விமானம் ஓட்டியவர். 1951இல் தம் கணவர் கேப்டன் சுந்தரத்துடன் சேர்ந்து இங்கிலாந்திலிருந்து பம்பாய்க்கு ஒரு சிறு விமானத்தை 27 மணி நேரத்தில் ஓட்டி வந்து சாதனை படைத்தார். 1994இல் ஹரிதா கௌர் தியோல் நமது விமானப்படை விமானத்தைத் தனியே ஓட்டினார். 1999 கார்கில் போரின்போது குஞ்சன் சக்சேனா, ஸ்ரீவித்யா ராஜன் இருவரும் ஹெலிகாப்டரில் போர்முனைப் பகுதிக்குச் சென்று வந்தனர்.

எனினும் போர் விமானத்தின் கதவு மட்டும் மூடியே இருந்தது. 2015 அக்டோபரில் அரசு அதைத் திறக்க முடிவு செய்தது. 2016 ஜூன் 18ஆம் நாள் ஐதராபாத்தை அடுத்த துண்டிகல் விமானப்படைக் கழகத்தில் அவனி சதுர்வேதி, பாவனா காந்த், மோகனா சிங் ஆகிய மூவரும் போர் விமானப் பிரிவில் அதிகாரிகளாயினர். 2018 பிப்ரவரியில் அவனி மிக்-21 விமானத்தைத் தனியாக ஓட்டினார். அது ஒருவர் மட்டுமே அமரக்கூடிய விமானம். பக்கத்தில் ஆசிரியர் இல்லை, மேலே கம்பி பிடிப்பவரும் இல்லை. இவர்கள் மத்தியப் பிரதேசம், பீகார், இராஜஸ்தான் மாநிலங்களிலிருந்து வந்த பெண்கள். சோதனை முயற்சியாகத் தொடங்கிய அத்திட்டத்தை அரசு 2022இல் நிரந்தரமாக்கியது. தேசியப் பாதுகாப்புக் கழகமும் உச்ச நீதிமன்றத்தின் 2021ஆம் ஆண்டு ஆணைக்குப் பின் பெண்களை ஏற்றது. அங்கு சேர்ந்த முதல் அணிப் பெண்கள் 17 பேர் 2025 மே மாதம் பயிற்சி முடித்து வெளிவந்தனர்.

அப்படியானால் எல்லாக் கம்பியும் அறுந்துவிட்டதா? சட்டத்தின் கம்பி அறுந்தது உண்மை. வீட்டின் கம்பி அறுந்ததா என்பதே எங்கள் கேள்வி.

விமானப்படையில் விமானியாக வேண்டுமானால் பன்னிரண்டாம் வகுப்பில் கணிதமும் இயற்பியலும் படித்திருக்க வேண்டும். ஆகவே அந்தக் கதவு திறப்பதும் மூடுவதும் தில்லியில் இல்லை. பத்தாம் வகுப்பு முடித்த கையோடு, வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, எந்த குரூப் என்று விண்ணப்பத்தில் எழுதும் அந்தப் பத்து நிமிடத்தில் இருக்கிறது. எங்களுள் ஒருத்தி கணக்கில் எப்போதும் முதல் மதிப்பெண் பெறுபவள். அவள் வீட்டில் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டார்கள். "பொம்பளப் புள்ளைக்குக் கணக்கு குரூப் எதுக்கு? கஷ்டம். சுலபமானதா எடுத்துக்கோ, எப்படியும் ரெண்டு மூணு வருஷத்துல கல்யாணம்தானே" என்றார்களாம். அவளை யாரும் திட்டவில்லை, அடிக்கவில்லை. அன்போடுதான் சொன்னார்கள். அவளும் தலையசைத்தாள். ஆனால் அன்று முழுவதும் அவள் எங்களோடு பேசவில்லை. அந்தத் தலையசைப்பைத்தான் நாங்கள் பொம்மையின் தலையசைப்பு என்கிறோம்.

"விமானம் ஓட்டுவது ஆபத்தாயிற்றே!" என்று தாய்மார் அஞ்சுவது நியாயமே. ஆனால் நல்லவாட்டுக் கடற்கரையில் வாழும் நமக்கு ஆபத்து என்பது கேள்விப்பட்ட சொல்லா? விடிவதற்கு முன் கடலுக்குப் போகும் அப்பாவையும் அண்ணனையும் வழியனுப்பிவிட்டு, கரையைப் பார்த்தபடி நிற்பவர்கள் நம் தாய்மார்கள். கடல் ஆபத்தில்லாதது என்று ஒருவரும் அவர்களை அனுப்பவில்லை. காற்றும் நீரோட்டமும் அறிந்தவர்கள் என்ற நம்பிக்கையில் அனுப்புகிறோம். 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தபோது நடந்ததை நம் ஊர் மறக்காது. சிங்கப்பூரில் இருந்த ஊர் இளைஞர் ஒருவர் செய்தி கேட்டு வீட்டுக்குத் தொலைபேசியில் சொன்னார். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் உதவியால் இங்கு நடந்த அறிவு மையத்தின் ஒலிபெருக்கியில் ஊரார் உடனே எச்சரித்தனர். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் உயிர் தப்பினர். அன்று ஊரைக் காத்தது பயம் அன்று. உரிய நேரத்தில் கிடைத்த அறிவு. ஆபத்துக்கு மருந்து கதவைச் சாத்துவதில்லை, கற்றுக்கொள்வதே. இந்தப் பாடத்தை நம் ஊரே உலகுக்குச் சொல்லியிருக்கும்போது, மகளுக்கு மட்டும் அதை மறைக்கலாமா?

இன்னொரு கேள்வியும் எழக்கூடும். சமாதானத்தை விரும்பும் கிறிஸ்தவப் பள்ளி மாணவியர் போர் விமானத்தைப் போற்றலாமா? இது கனமான கேள்வி. இதை நாங்கள் எளிதாகத் தள்ளிவிடவில்லை. போரை நாங்கள் போற்றவில்லை. மலைப்பொழிவில் நம் ஆண்டவர் சமாதானம் செய்வோரை எந்த இடத்தில் வைத்தார் என்பதை மறைக்கல்வி வகுப்பில் கற்றிருக்கிறோம். ஒருபோதும் போர் நேரக் கூடாது என்பதே எங்கள் செபம். ஆனால் வெள்ளத்திலும் புயலிலும் உணவுப் பொட்டலம் போடுவதும், கூரைமேல் தவிப்பவரைத் தூக்கி மீட்பதும் அதே விமானப்படைதான். மேலும் புதுச்சேரி நகரில் கப்ஸ் கோயில் என்று நாம் அழைக்கும் சம்மனசுகளின் அன்னை ஆலயத்துக்கு எதிரே நிற்பது யாருடைய சிலை? படை நடத்திய புனித ஜோன் ஆஃப் ஆர்க்! குடியானவர் வீட்டில் பிறந்த அப்பெண் 1429இல் ஓர்லெயான் நகரை மீட்கச் சென்றபோது, பெண்ணுக்கு இது ஆகாது என்று சொன்னவர்கள் அன்றும் இருந்தார்கள். 19 வயதில் அவளை எரித்தார்கள். 1920இல் திருச்சபை அவளைப் புனிதையாகப் பீடத்தில் ஏற்றியது. அதே 1920இல்தான் லொரேட்டோ அன்னையை விமானிகளின் பாதுகாவலியாகத் திருத்தந்தை அறிவித்தார். வானத்தில் பறப்பவர்களை ஒரு தாயின் கையில் ஒப்படைத்த திருச்சபை, மகள்கள் பறப்பதை வெறுக்குமோ?

கீழ்ப்படிதலை விட்டுவிடுகிறோம் என்று தயவு செய்து எண்ணவேண்டாம். விமானியும் கீழ்ப்படிகிறாள். கட்டுப்பாட்டுக் கோபுரம் சொல்லாமல் அவள் ஓடுபாதையில் ஓரடியும் நகர்வதில்லை. ஆனால் அவள் கேட்டு, புரிந்து, மனம் ஒப்பிக் கீழ்ப்படிகிறாள். பொம்மையோ கம்பி இழுத்தால் அசைகிறது. முன்னது புண்ணியம், பின்னது வெறும் அசைவு. எங்கள் சகோதரிகளும் தங்கள் வார்த்தைப்பாட்டை மனம் ஒப்பியே கொடுத்தவர்கள் அல்லவா? அவர்களுக்கு இது நாங்கள் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

எல்லாப் பெண்களும் போர் விமானியாக வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. எங்களுள் ஆசிரியையாக, செவிலியாக, கன்னியராக விரும்புவோர் உண்டு. வீட்டையும் பிள்ளைகளையும் பேணுவதே நிறைவு என்போரும் உண்டு. அவை யாவும் நல்லவையே. அவளவளே தேர்ந்துகொண்டதாக அது இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஜப்பானின் மிசா மட்சுஷிமா சிறுமியாக இருந்தபோது 'டாப் கன்' என்னும் திரைப்படத்தைப் பார்த்தார். அன்றே அவர் மனத்தில் ஆசை விழுந்தது. ஒரு கதைக்கு அத்தனை வலிமை இருக்குமானால், பெற்ற தாய் தந்தையரின் ஒரு சொல்லுக்கு எத்தனை வலிமை இருக்கும்!

ஆகவே பெற்றோர்களே, எங்கள் வேண்டுகோள் சிறியது. விண்ணப்பத்தை நிரப்பும் முன், "உனக்கு என்ன படிக்க ஆசை?" என்று ஒரு முறை கேளுங்கள். கேட்டபின் பதிலுக்குக் காத்திருங்கள். எங்களுக்கு உடனே பேச வராது, பழக்கமில்லை. அருட்சகோதரிகளே, தயங்கும் வீடுகளுக்குச் சென்று எங்களுக்காக நீங்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கள். உங்கள் சொல்லுக்கு இந்த ஊரில் மதிப்பு உண்டு. தோழியரே, கேட்கும்போது தலையை மட்டும் அசைக்காதீர்கள். வாய் திறந்து சொல்லுங்கள். நம் உதடுகள் அசைய மின்கம்பி வேண்டியதில்லை. ஆண்டவர் நமக்குக் குரலைத் தந்திருக்கிறார்.