வெடியூரின் பெயரால் வரும் எரிதம்

தீவாளி தமிழர்க்குரிய விழாவன்று என்பது நம் கொள்கை. ஆயினும், விருதுநகர் மாவட்டத்தில் சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பகுதிகளில் வாழும் எளிய குடும்பங்கள் பலவற்றில் அவ்விழாவுக்கான வெடித்தொழிலாலேயே உலை கொதிக்கின்றது. 2012 செப்டம்பர் 5-இல் முதலிப்பட்டி ஆலைத் தீயில் 30-க்கும் மேற்பட்டோர் கருகி மாண்டனர். அத்தகைய மக்களின் ஊர்ப்பெயரைத்தான் இன்று எவனெவனோ திருடி விற்கின்றான்.

விழாவிற்குப் பல கிழமைகள் முன்பே நம் மின்னஞ்சற் பெட்டியும் கைப்பேசியும் நிறையத் தொடங்குகின்றன. சிவகாசியிலிருந்து நேரே வெடிகள் வருமாம். 80 விழுக்காடு தள்ளுபடியாம். முன்பணம் மட்டும் உடனே கட்ட வேண்டுமாம்! கேளாமல் வந்து குவியும் இத்தகைய மடல்களை ஆங்கிலர் தகரப்பேழையில் அடைத்த பன்றியிறைச்சியின் பெயரால் அழைக்கின்றனர். நமக்கு எரிதம் என்னும் சொல் உண்டு. வெடியூரின் பெயர் சொல்லி வரும் மடலுக்கு அது மிகவும் பொருந்தும். 1978 மே 3-இல் அமெரிக்கக் கணினி வணிகர் ஒருவர் ஏறத்தாழ 400 பேருக்குக் கேளாமலே விடுத்த விற்பனை மடலில் தொடங்கிய தொல்லை இது.

இணையவழி வெடி விற்பனையை உச்சநயமன்றம் 23.10.2018-இலேயே தடுத்துவிட்டது. ஆகவே, அவ்வாறு விற்பதாகப் பணம் கேட்கும் மடல், மெய்யாயினும் போலியாயினும், சட்டத்திற்கு மாறானதே. இஃதொன்றை அறிந்திருந்தாலே போதும். பலருடைய பணம் தப்பியிருக்கும்.

படித்தவரும் ஏமாறுவது ஏன்? தெருவில் ஒருவன் தமிழில் இவ்வாறு கூவினால், "கடை எங்கே? உரிமம் எங்கே?" என்று பத்துக் கேள்வி கேட்கின்றோம். அதையே வண்ணப்படத்தோடு ஆங்கிலத்தில் எழுதிவிட்டால் வாய் அடைத்துப் போகின்றது. கை மடியை அவிழ்க்கின்றது. அடிமை மனம் கேள்வி கேளாது. இப்பொழுது கள்வரும் தமிழில் எழுதுகின்றனர் என்பதையும் மறைப்பதற்கில்லை. முன்பு ஒற்றுப்பிழை அவர்களைக் காட்டிக் கொடுத்தது. இன்று பொறியே பிழையின்றி எழுதித் தருகின்றது. மொழி பார்த்து நம்புவதும் இனி உதவாது.

எரிதத்திற்கு மறுமொழி எழுதற்க. அறியாதவன் மடலில் 'இனி அனுப்பாதே' என்று காட்டும் தொடுப்பையும் அழுத்தற்க. அஃது உங்கள் முகவரி உயிரோடிருப்பதை அவனுக்கு அறிவிக்கும். எரிதம் எனக் குறித்து ஒதுக்குக. அஞ்சற்பொறி அதனைக் கற்றுக்கொள்ளும். பணத்தை இழந்தவர் நாணி மறைத்தலே கள்வனுக்குப் பெருந்துணை. உடனே 1930 என்னும் எண்ணை அழையுங்கள். பொழுது கடந்தால் பணம் கணக்கு விட்டுக் கணக்குத் தாவிவிடும்.

கைப்பேசியில் வரும் வணிகச் செய்திகளை மறுக்க 1909 என்னும் எண் உள்ளது. குறுஞ்செய்தியால் முற்றும் தடுக்க வேண்டுமாயின் 'ஸ்டார்ட் 0' என ஆங்கிலத்தில் எழுதி விடுத்தல் வேண்டும். ஒன்றை நிறுத்துவதற்குத் 'தொடங்கு' என்று பொருள்படும் அயற்சொல்! 'வேண்டா' என்று தமிழில் எழுதினாலே அத்தடை நிகழுமாறு தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் செய்தல் வேண்டும். தமிழக அரசு அதனைக் கேட்டுப் பெறுதல் வேண்டும்.