குவார் கெப்பாவின் எலும்புகள் யாரிடம் இருக்க வேண்டும்?

பிறையிலிருந்து பட்டர்வொர்த்தைத் தாண்டி வடக்கே கெப்பாளா பத்தாஸ் பக்கம் போனால், மூடா ஆற்றுக்குத் தெற்கே, வயல்களுக்கு இடையே குவார் கெப்பா இருக்கிறது. மலாயில் 'கெப்பா' ஒரு வகை மட்டி. 'குவார்' வடக்கு வட்டாரப் பேச்சில் மேடு. ஆக, மட்டி மேடு. ஆனால் நீங்கள் போய்ப் பார்த்தால் மேடு எதுவும் கண்ணில் படாது.

இன்று அங்கிருந்து கடல் சில கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அப்படியானால் மட்டி எங்கிருந்து வந்தது? ஏறத்தாழ 5,000 ஆண்டுகளுக்கு முன் இந்தக் கரையில் கடல் மட்டம் சில மீட்டர் உயர்ந்திருந்தது. கரையும் உள்ளே தள்ளி இருந்தது. அங்கு வாழ்ந்தவர்கள் சேற்றில் மட்டி பொறுக்கித் தின்று, ஓடுகளை ஒரே இடத்தில் கொட்டினார்கள். இறந்தவர்களையும் அதிலேயே புதைத்தார்கள். நம் ஊர் ஈர மண் அமிலத்தன்மை உடையது. அதில் எலும்பு நெடுநாள் நிலைக்காது. மட்டி ஓட்டின் கால்சியம் கார்பனேட் அந்த அமிலத்தை முறித்ததால் எலும்புகள் தப்பின. வகுப்பில் அமிலத்தில் சுண்ணாம்புக்கல்லைப் போட்டுக் காட்டுகிறோமே, அதே வினைதான்.

ஸ்காட்லாந்தின் ஓர்க்னித் தீவில் ஸ்காரா பிரே என்ற கற்காலக் குடியிருப்பு உண்டு. அதுவும் ஏறத்தாழ 5,000 ஆண்டுப் பழமை. அங்கும் வீடுகளைச் சுற்றிக் குவிந்த குப்பைதான் சுவர்களைத் தாங்கி நின்றது. 1850இல் ஒரு புயல் மணலை விலக்கி அதை வெளிக்காட்டியது. இன்று அது உலக மரபுச் சின்னம்.

குவார் கெப்பாவுக்கு அந்த யோகம் வாய்க்கவில்லை. 1860இல் ஆங்கிலேய அதிகாரி ஏர்ல் இந்தக் குவியல்களைத் தோண்டினார். ஓடுகளைச் சுண்ணாம்புக்காக வெட்டி எடுத்துக் குவியல்களைக் கரைத்துவிட்டார்கள். 1934இல் டச்சு ஆய்வாளர் வான் ஸ்டைன் காலன்ஃபெல்ஸ் அகழ்ந்து எடுத்த முப்பதுக்கும் மேற்பட்ட மனித எலும்புக்கூடுகள் நெதர்லாந்தின் லைடன் நகருக்குப் போய்ச் சேர்ந்தன.

இனி எதுவும் மிச்சமில்லை என்று நினைத்திருந்த இடத்தில், 2017 ஏப்ரலில், காட்சிக்கூடம் கட்டத் தோண்டியபோது ஓர் எலும்புக்கூடு கிடைத்தது. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகக் குழு ஆராய்ந்த அதைத்தான் 'பினாங்குப் பெண்' என்கிறோம். வயது சுமார் 5,700 ஆண்டுகள். ஸ்காரா பிரேயின் வீடுகளைவிட மூத்தவள்!

லைடனில் உள்ளவற்றைத் திருப்பித் தரும்படி பினாங்கு மாநில அரசு கேட்டிருக்கிறது. நானும் அந்தப் பக்கம்தான். "அங்கே பத்திரமாகத்தானே இருக்கின்றன, இங்கே வந்து பூஞ்சணம் பிடிக்கவா?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி, ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்தும் அறை முதலில் வேண்டும், அதில் சமரசம் கூடாது. ஆனால் 1934இல் மண்டை ஓட்டை அளந்து பார்ப்பதுதான் பெரிய ஆய்வு. இன்று பல்லின் ஐசோடோப்பைக் கொண்டு அவர்கள் எதை அதிகம் தின்றார்கள் என்று தேடலாம்; மரபணு மிஞ்சியிருந்தால் உறவுமுறையையும் தேடலாம். அந்த வேலையை இங்குள்ள மாணவர்கள் கற்றுக்கொண்டு செய்ய, பொருள் இங்கே இருக்க வேண்டும். விமானச் சீட்டு வாங்கி லைடன் போகப் பிறைப் பிள்ளைகளில் எத்தனை பேரால் முடியும்?

எலும்புகள் வரும்போது வரட்டும். வரும் பள்ளி விடுமுறையில் உங்கள் பிள்ளைகளைக் குவார் கெப்பாவுக்கு அழைத்துச் செல்லுங்கள். கடல் எந்தத் திசையில், எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அங்கே நின்று அவர்களையே சொல்லச் சொல்லுங்கள்.