எல்லை தாண்டும் சேலைக்கு வரி வசூலிப்பது யார்?

வெளிநாட்டு இணையக் கடையில் 60 வெள்ளிக்குச் சேலை வாங்குகிறீர்கள். 2022 வரை, விமானத்திலோ அஞ்சலிலோ சிங்கப்பூருக்கு வந்த 400 வெள்ளிக்கு மேற்படாத பொருளுக்குப் பொருள், சேவை வரி இல்லை. வரிப் பதிவு பெற்ற தேக்கா கடையில் வாங்கினால் உண்டு. உள்ளூர் வணிகருக்கு இது பாதகம்தானே? 2023 ஜனவரி 1ஆம் தேதி அந்தச் சலுகை நீங்கியது. வரி இப்போது 9 விழுக்காடு.

லட்சக்கணக்கான சிறு பொட்டலங்களைச் சுங்கத்துறை பிரித்துப் பார்க்க முடியாது. அதனால் வசூல் வேலை விற்பவரிடம் போனது. உலகளவில் ஆண்டுக்கு ஒரு மில்லியன் வெள்ளிக்கு மேலும், சிங்கப்பூர் வாடிக்கையாளர்களிடம் 100,000 வெள்ளிக்கு மேலும் விற்கும் வெளிநாட்டு நிறுவனம் பதிவுசெய்ய வேண்டும். சென்னையின் சிறு கடைக்காரர் சொந்த இணையத்தளத்தில் விற்றால் இதில் சிக்கமாட்டார். ஆனால் பதிவுபெற்ற பெரிய இணையச் சந்தை வழியே விற்றால், அந்தச் சந்தையே வரியைச் சேர்த்துவிடும்.

மலேசியாவோ 2024 ஜனவரி 1 முதல், 500 ரிங்கிட்டுக்கு மேற்படாத இறக்குமதிப் பொருளுக்கு 10 விழுக்காடு விற்பனை வரி விதிக்கிறது. அங்கே பதிவு வரம்பு 500,000 ரிங்கிட்.

இரு நாடுகளிலும் விற்பவருக்கு இரண்டு வரம்பு, இரண்டு கணக்கு. பெரிய நிறுவனம் கணக்காளரை அமர்த்திக்கொள்ளும். வளர்ந்துவரும் சிறு வணிகர், தரகுப் பணம் போனாலும் பரவாயில்லை என்று இணையச் சந்தையிடமே பொறுப்பை விட்டுவிடத்தான் பார்ப்பார்.