உளநோய் ஈமானின் குறையன்று

அருமை மகன் யூசுபைப் பிரிந்த துயரால் நபி யஃகூப் (அலை) அவர்களின் கண்களில் வெண்மை படர்ந்தது எனத் திருமறை இயம்புகின்றது. அந்நபிக்கா ஈமானில் குறைவு? ஆயினும் வாசகப் பெருமக்களே, மாதக்கணக்கில் உறக்கமும் உணவும் இன்றி, காரணம் கூறவும் இயலாது கண்ணீர் வடிக்கும் ஒரு பெண்ணை நோக்கி, "உனக்கு ஈமான் போதாது, ஒழுங்காகத் தொழு, எல்லாம் சரியாகும்" என்று கூறி அகன்றுவிடுகிறோம். நோயோடு பாவப் பழியையும் அவள் தலையில் ஏற்றிவைப்பது நீதியாகுமா?

"யஃகூப் நபி தம் கவலையை அல்லாஹ்விடம் மட்டுமே முறையிட்டார்களே, மனிதரிடம் போய் எதற்குப் பேச வேண்டும்?" என்று சிலர் வினவுவர். முறையீடு அவனிடமே, ஐயமில்லை. ஆனால் நோயைப் படைத்தவன் அதற்குரிய மருந்தையும் படைத்திருக்கிறான் என்றுணர்த்தி, மருத்துவம் செய்துகொள்ளப் பணித்த நாயகம் (ஸல்) அவர்கள், அம்மருந்து உடலுக்கு மட்டுமே என வரையறுக்கவில்லை.

நம் முன்னோர் இதனை நன்கறிந்திருந்தனர். இன்றைய ஆப்கானிஸ்தானத்துப் பல்க் நகருக்கு அருகே பிறந்து, 934-இல் மறைந்த அபூ ஸைத் அல்பல்கீ என்னும் அறிஞர், உடல் நலத்துக்கும் உள நலத்துக்கும் சேர்த்து ஒரே நூல் யாத்தார். கோபம், அச்சம், துக்கம், ஓயாத வீண் எண்ணம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே சிகிச்சை கூறினார். காரணம் தெரிந்த துக்கம் வேறு, காரணம் தெரியாது வந்து கவியும் துக்கம் வேறு என்றும், பின்னதன் வேர் உடலில் இருக்கக்கூடும் என்றும் பகுத்துரைத்தார். வீட்டில் மருந்து எடுத்துவைப்பது போல, மனம் அமைதியாயிருக்கும் வேளையிலேயே நல்லெண்ணங்களைச் சேமித்து, கொந்தளிப்பு வரும்போது எடுத்தாள வேண்டும் என்பது அன்னாரின் யோசனை. 1960-களில் அமெரிக்க மருத்துவர் ஆரன் பெக் வகுத்த, எண்ணத்தைச் சீர்தூக்கி உணர்வைச் சீராக்கும் சிகிச்சை இதற்கு வியப்பூட்டும் அளவு நெருங்கியது. அந்நிய நாகரிகம் என்று நாம் ஒதுக்குவது நம் வீட்டுச் சரக்கு!

வஸ்வாஸையே எடுத்துக்கொள்வோம். ஒளூ முழுமையாயிற்றோ இல்லையோ என்று ஐயுற்று, ஜமாஅத் தொழுகை கடந்து போகும்வரை கைகால்களைக் கழுவிக்கொண்டேயிருக்கும் சகோதரர்களை நாம் அறிவோம். "ஷைத்தானின் ஊசலாட்டம், அவூது ஓதிக்கொள்" என்கிறோம். ஓதட்டும், நன்மையே. எனினும் ஐயம் நோயாக முற்றியபின், ஒருமுறை முறையாகக் கழுவியதும், மனம் பதைத்தாலும் மீண்டும் நீரைத் தொடாதிருக்கவும், அப்பதைப்புத் தானே தணிவதைக் கண்டுணரவும் படிப்படியாகப் பழக்குகிறார் உளச் சிகிச்சையாளர். இத்தகைய ஐயத்தைப் பொருட்படுத்தாதே என்றுதானே மார்க்கமும் கூறுகிறது?

சபர் சென்ற கணவன் ஈராண்டுக்கு ஒருமுறை திரும்பி, மனைவி மக்களிடையே விருந்தாளிபோல் அமர்ந்திருப்பதும், சிறு சொல் பெருஞ்சண்டையாய் மூள்வதும் நம் ஊர்களில் புதிதல்ல. விவகாரம் ஜமாஅத்தின் முன் வருவதோ தலாக் வரை முற்றிய பின்னரே. பிளவை அஞ்சும்போதே இரு குடும்பத்திலிருந்தும் ஒவ்வொரு நடுவரை அமர்த்துமாறு அந்நிஸா அத்தியாயத்தின் 35-ஆம் வசனம் பணிக்கிறது. பயிற்சி பெற்ற ஆலோசகரும் அந்நோக்கத்துக்கே துணைபுரிகிறார். எவர் குற்றவாளி என்று தீர்ப்பளியாது, ஒருவர் பேசுவதை மற்றவர் இறுதிவரை கேட்கச் செய்கிறார். (அடி உதை நிகழும் வீட்டில் இது போதாது, அங்கே முதலில் வேண்டுவது பாதுகாப்பு.)

நோயை மறைத்துவைப்பதன் விலையையும் நாம் கண்டிருக்கிறோம். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்று தீப்பற்றியபோது, சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்ததால் தப்ப வழியின்றி மனநோயாளிகள் 28 பேர் மாண்டனர். 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் சங்கிலியிடுவதைத் தடைசெய்கிறது. நோயாளியின் விவரங்களை இரகசியமாகக் காக்கவும் கட்டளையிடுகிறது. ஊருக்குத் தெரிந்துவிடுமே என்று அஞ்சும் தாய்மார்கள் இதனை அறிந்திருத்தல் வேண்டும். 14416 என்னும் எண்ணில் அரசின் தொலைபேசி ஆலோசனை தமிழிலேயே, கட்டணமின்றி, இரவும் பகலும் கிடைக்கிறது. ஜும்ஆ பயானின் இறுதியில் இவ்வெண்ணை நம் இமாம்கள் அறிவித்தால் என்ன?