நாற்காலியும் நாவும்

“பேராசிரியர் பானை ஓட்டை ஆராயட்டும், பழைய ஏட்டைப் படிக்கட்டும், அரசியல் அவருக்கு எதற்கு?” என்று கேட்கிறார்கள் அடக்கம் போதிப்போர். நடுநிலை வேண்டுமாம், நடுநிலை! சான்றை எடைபோடும்போது அது வேண்டும்தான், எவர் மறுத்தார்? ஆனால் தோழர்களே, அந்த நடுநிலை எவரிடம் மட்டும் கேட்கப்படுகிறது என்பதைச் சற்றே எண்ணிப் பாருங்கள்.

ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில், 1892இல், பாதிரியார் ஒருவரின் மகனாகப் பிறந்தவர் கார்டன் சைல்டு. ஆக்ஸ்போர்டில் பயின்று, தாயகம் திரும்பி, சிட்னிப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த செயின்ட் ஆண்ட்ரூஸ் கல்லூரியில் பணியேற்றார். முதல் உலகப்போர் மூண்டெரிந்த காலம் அது. இளைஞரைக் கட்டாயப்படுத்திப் பட்டாளத்துக்கு இழுப்பது தகாது என்றார்; 1918இல் அமைதி மாநாட்டு மேடையேறிப் பேசினார். அவ்வளவுதான்! விலகு என நெருக்கினர், விலகினார். பண்டை வரலாறு கற்பிக்கும் பணி ஒன்று கைக்கெட்டும் தொலைவில் இருந்தது. பல்கலைக்கழக ஆட்சிக்குழு அதனையும் தட்டிப் பறித்தது. கிரேக்கத்தில் குறையா? புலமையில் பழுதா? இல்லை, இல்லை! போரை எதிர்த்த நாவொன்றே குற்றம்.

கடல் கடந்தார் சைல்டு. 1925இல் ஐரோப்பிய நாகரிகத்தின் விடியலைப் பற்றிய அவரது நூல் வெளிவந்தது. 1927இல் எடின்பரோ பல்கலைக்கழகம் பேராசிரியர் பதவி தந்தது. விதைத்ததும், விலங்கைப் பழக்கியதும், நகர் சமைத்ததும் எந்தத் தேவனின் திருவருளுமன்று, மனிதனின் உழைப்பே என்று 1936இல் எழுதினார். வேளாண்மையின் பிறப்பைப் புரட்சி என்றார். அது மெல்ல மெல்ல நிகழ்ந்தது எனப் பின்வந்தோர் திருத்தினர். திருத்தட்டும், ஆராய்ச்சி என்பதே அதுதானே!

பானை, கருவி, புதைகுழி ஆகியவற்றை ஒருசேர வைத்து ஒரு பண்பாட்டை அடையாளம் காணும் முறையை, பெர்லின் பேராசிரியர் கோசின்னாவிடமிருந்து எடுத்தாண்டவர் சைல்டு. அதிலிருந்த இனவெறி நஞ்சை மட்டும் நீக்கிவிட்டு. 1931இல் கோசின்னா மறைந்தார். இரண்டே ஆண்டில் இட்லர் அரியணை ஏறினான். அந்த நஞ்சே அரசாங்க வேதமாயிற்று! வரலாற்றுக்கு முந்தைய கால ஆய்வுக்குப் புதுப்புதுப் பேராசிரியர் பதவிகள் முளைத்தன. யூத மரபினர் என்பதற்காக, 1935இல், கெர்ஹார்ட் பெர்சு என்னும் பேரறிஞர் பிராங்பர்ட் ஆய்வு நிறுவனத் தலைமையினின்றும் அகற்றப்பட்டார். ஆரியப் பெருமை பாடிப் பதவி பெற்றோரை நோக்கி, ‘உமக்கு அரசியல் எதற்கு?’ என்று கேட்ட ஆட்சிக்குழு எது?

அது சர்வாதிகாரம் என்பீர்கள். அமெரிக்காவோ? பண்டைக் கிரேக்க வரலாற்றறிஞர் மோசஸ் பின்லியை 1952இல் செனட் துணைக்குழு விசாரித்தது. முன்பு கம்யூனிஸ்டாக இருந்ததுண்டா என்ற வினாவுக்கு, அரசியல் சட்டம் தந்த உரிமையைக் காட்டி, விடைகூற மறுத்தார். அவர் பணியாற்றிய ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் குழு, நடவடிக்கை வேண்டாம் என ஒருமனதாகவே கூறிற்று. அறங்காவலர்களோ வேலையைப் பறித்தனர். ‘அறங்காவலர்’! பெயரைப் பாருங்கள்! இங்கிலாந்து அவரை ஏற்றது. 1970இல் கேம்பிரிட்ஜில் பேராசிரியரானார். ஏதென்சின் எழிலுக்கு அடியில் கிடந்த அடிமைகளைப் பற்றி அவர் எழுதியவற்றை இன்றும் பயில்கிறார்கள்.

சைல்டு 1957இல் சிட்னி திரும்பினார், உலகப் புகழுடன். அன்று விரட்டிய அதே பல்கலைக்கழகம் மதிப்புறு முனைவர் பட்டம் சூட்டி மகிழ்ந்தது. அவ்வாண்டு அக்டோபரில் அவர் மறைந்தார். 39 ஆண்டுகளுக்கு முன்பு அந்த இளைஞர் கேட்டது பட்டமன்று. பாடம் சொல்ல ஓர் இடம்.