மஞ்சள் விளக்கு என்ன சொல்கிறது?



பிள்ளைகளைப் பாடசாலையில் இறக்கிவிட்டுத் திரும்புகிறீர்கள். ஸ்டியரிங்குக்கு முன்னால் என்ஜின் வடிவில் ஒரு மஞ்சள் விளக்கு எரிகிறது. வண்டியோ வழமைபோல் ஓடுகிறது. கராஜில் கேட்டால், "சென்சர் போயிட்டுது, மாத்தோணும்" என்கிறார்கள். பல்லாயிரம் ரூபா செலவு. என்ன செய்வீர்கள்?

முதலில் ஒரு பழைய கதை. 1990இல் போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் தடைப்பட்டது. அங்கிருந்தவர்கள் ஒஸ்டின், மொரிஸ் மைனர் கார்களைச் சிறிது பெற்றோல் விட்டு ஸ்டார்ட் செய்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். அந்த ஒக்டோபரில் வெளியேற்றப்பட்ட நம் குடும்பங்கள் பல இதைக் கண்டிருக்காது. பிறர் சொல்லக் கேட்டிருக்கும். புகை கக்கினாலும் அவை ஓடின. என்ன எரிபொருள் ஊற்றினோம் என்று கேட்க அவற்றில் கணினி இல்லை.

இன்றைய சிறிய கார்கள் அப்படியல்ல. மாருதி ஆல்டோவை எடுத்துக்கொள்ளுங்கள். 1983 டிசம்பரில் இந்தியாவில் வெளிவந்த மாருதி 800இன் வழியில் 2000இல் வந்தது. அதே 796 சிசி, மூன்று சிலிண்டர். ஆனால் பெற்றோலை அளந்து கொடுப்பது கணினி. ஏதாவது பிசகினால் அது ஓர் இலக்கத்தைக் குறித்துவைத்து, மஞ்சள் விளக்கை எரியவிடுகிறது. டாஷ்போர்டின் அடியிலுள்ள துவாரத்தில் ஒரு சிறு கருவியைச் செருகினால் அந்த இலக்கத்தை வாசிக்கலாம்.

பி0301 என்றால் முதலாம் சிலிண்டரில் எரிதல் தவறுகிறது. 0302 இரண்டாவது, 0303 மூன்றாவது. காரணம் பிளக்காக இருக்கலாம். கொயிலாகவோ இன்ஜெக்டராகவோ இருக்கலாம். முதலாவது பிளக்கை இரண்டாவதில் மாற்றிப் பூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். இலக்கமும் 0302 ஆக மாறினால் குற்றவாளி பிளக்தான். இதற்குப் புதுச் சாமான் எதுவும் வாங்கத் தேவையில்லை.

பி0171 என்றால் பெற்றோலுக்குக் காற்று அதிகம். வெடித்த காற்றுக் குழாயோ அடைபட்ட பெற்றோல் பில்டரோ காரணமாகலாம். ஆனால் பலர் ஒக்சிஜன் சென்சரையே முதலில் மாற்றுகிறார்கள். எய்தவன் இருக்க அம்பை நோவானேன்? இலக்கம் இடத்தைக் காட்டும். கெட்ட சாமானைக் காட்டாது.

மஞ்சள் விளக்கு நிலையாக எரிந்தால் மெதுவாக வீடு வந்து, சில நாட்களுக்குள் காட்டலாம். மின்னி மின்னி எரிந்தால் வேகத்தைக் குறைத்து, முடிந்த விரைவில் நிறுத்துங்கள். எரியாத பெற்றோல் புகைக்குழாயிலுள்ள விலையுயர்ந்த கன்வர்ட்டரைச் சுட்டுவிடும்.

வெப்பத்தைக் காட்டும் சிவப்பு விளக்கு வேறு. அது எரிந்தால் உடனே ஓரங்கட்டி என்ஜினை நிறுத்துங்கள். சூடு ஆறுமுன் ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள், கொதிநீர் பீறிடும். யாழ்ப்பாணக் கிணற்று நீர் சுண்ணாம்புக் கல்லில் ஊறுவது. கேத்தலின் அடியில் படியும் வெள்ளைப் படிவு ரேடியேட்டரிலும் படியும். ஆகவே கிணற்று நீர் வேண்டாம். வடித்த நீர் கலந்த கூலண்டே ஊற்றுங்கள்.

கடைசியாக ஒன்று. பற்றரி வயரைக் கழற்றினால் விளக்கு அணையும். குறை தீராது, குறித்துவைத்த இலக்கமும் அழிந்துவிடும். எனவே கராஜில் நீங்கள் சொல்லவேண்டிய முதல் வார்த்தை இதுதான்: "இலக்கத்தை வாசித்து எழுதித் தாருங்கள், அதன் பிறகு எதை மாற்றுவது என்று பேசுவோம்."