விவரம் தெரிந்த பிறகா?

"பச்சப் புள்ளைக்கு அங்க என்ன புரியப்போவுது? விவரம் தெரியட்டும், அப்புறம் கூட்டிட்டுப் போ." தம்பி மகளை மாமல்லபுரத்துக்கு அழைத்துக்கொண்டு கிளம்பியபோது வீட்டில் எல்லோரும் சொன்னது இதுதான். அவளுக்கு அப்போது நாலரை வயது. போகிற வீடுகளிலெல்லாம் இதே பேச்சைக் கேட்கிறேன். அக்கறையோடுதான் சொல்கிறார்கள். ஆனாலும் இது தவறு. குழந்தைகளுக்கு நாம் இழைக்கும் அநியாயம் என்றே சொல்வேன்.

அர்ச்சுனன் தபசுப் பாறை சாலையோரத்திலேயே நிற்கிறது. தவம் செய்பவர் அர்ச்சுனனா, பகீரதனா என்று அறிஞர்கள் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. நான் அந்த யோசனையில் அண்ணாந்து நின்றிருந்தேன். அவள் என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அத்தை, பூனை சாமி கும்பிடுது!"

பெரிய யானையின் தந்தத்தருகே, முன்னங்கால் இரண்டையும் தலைக்கு மேல் தூக்கி, விலா எலும்பு தெரிய ஒரு பூனை தவம் நிற்கிறது. காலடியில் எலிகள். அந்தப் பாறையின் முன் நான் எத்தனையோ முறை நின்றிருக்கிறேன். ஒருமுறைகூட அந்தப் பூனையை நானாகக் கண்டுபிடித்ததில்லை. யாரோ காட்டித்தான் பார்த்திருக்கிறேன். அவளுக்கு யாரும் காட்டவில்லை. பிறகு யானையின் கால்களுக்கிடையே குட்டிகளைக் கண்டாள், பின்னங்காலால் மூக்கைச் சொறியும் மானைக் கண்டாள். பக்கத்திலேயே கிருஷ்ண மண்டபத்தில் ஒருவர் பால் கறக்க, பசு கன்றை நக்கிக்கொண்டிருக்கிறது. அதன் முன்னாலிருந்து அவளைக் கிளப்புவதற்குள் எனக்குக் கால் வலித்துவிட்டது. பள்ளிக்கூடம் போய் வந்தவர்கள் மட்டும் பார்க்கட்டும் என்றா அந்தச் சிற்பி இவற்றையெல்லாம் செதுக்கினான்?

ஐந்து ரதங்களுக்குப் போனோம். அவை பாறையில் மேலிருந்து கீழாகச் செதுக்கிக்கொண்டே வந்து, வேலை முடியாமல் நின்றுபோனவை. கீழே கல் கரடுமுரடாக இருந்தது. "ஏன் அத்தை முடிக்காம விட்டுட்டாங்க?" என்று கேட்டாள். வரலாற்று ஆய்வாளர்களும் கேட்பது அதைத்தான். எனக்குத் தெரியாது என்றேன்.

பெரியவளானால் எல்லாம் மறந்துவிடும் என்கிறார்கள். மறக்கட்டும். நாலு வயதில் ஊட்டிய சோறு எவருக்கும் நினைவில்லை. அதற்காக யாரும் ஊட்டாமல் விடவில்லை.

விவரம் தெரிந்த பிறகு என்று தள்ளிப்போட்டால் நடப்பது என்ன? எட்டாம் வகுப்பில் பள்ளிச் சுற்றுலா வரும். கையில் நோட்டு, ஆசிரியர் வாயில் விசில், கட்டியவர் யார், எந்த நூற்றாண்டு என்று இரண்டு வரி, உடனே பேருந்து. அதற்குள் பிள்ளைக்குக் கல் என்றால் பரீட்சை என்று மனதில் பதிந்துவிடுகிறது. மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகளில் சமணர் படுகைகளுக்குப் போய்ப் பாருங்கள். 2000 ஆண்டுப் பழமையான தமிழ் எழுத்துகள் இருக்கும் குகைகளில் பெயிண்டால் பெயர் எழுதி, இதயம் வரைந்து வைத்திருக்கிறார்கள். ஆள் உயரத்துக்கு மேலே இருப்பவற்றை நான்கு வயதுக் குழந்தையா எழுதியிருக்கும்?

வெயில், தாகம், அழுகை எல்லாம் உண்மைதான். அது நாம் போகும் விதத்தால் வருவது. ஒரே நாளில் ஆறு இடம் என்று ஓடினால் பெரியவர்களே சோர்ந்துபோகிறோம். விடிந்ததும் போங்கள். ஒரே இடம், ஒரு மணி நேரம் போதும். தாராசுரத்தில் யானையும் காளையும் ஒரே தலையைப் பகிர்ந்துகொள்ளும் சிற்பம் ஒன்று இருக்கிறது. ஒரு பக்கத்தைக் கையால் மறைத்தால் யானை, மறுபக்கத்தை மறைத்தால் காளை. அன்றைக்கு அது ஒன்றைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தாலும் நிறைவுதான். இந்தியத் தொல்லியல் துறை கட்டணம் வாங்கும் இடங்களிலும் 15 வயதுக்குட்பட்டவர்களுக்கு டிக்கெட் கிடையாது.

போன வருடம் அவளைத் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு அழைத்துப் போனேன். 1010-இல் ராஜராஜன் கட்டி முடித்த அந்த விமானம் 200 அடிக்கும் மேல் உயர்ந்து நிற்கிறது. அதன் நிழல் தரையில் விழாது என்று பக்கத்தில் ஒருவர் தன் குடும்பத்துக்கு விளக்கிக்கொண்டிருந்தார். என் சிறுவயதில் எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். நானும் பலரிடம் சொல்லியிருக்கிறேன். காலை பத்து மணி இருக்கும், கல்தரை சுடத் தொடங்கியிருந்தது. அவள் வெறுங்காலோடு துள்ளித் துள்ளி ஓடி, விமானத்தின் மேற்குப் பக்கம் தரையில் நீளமாகக் கிடந்த நிழலுக்குள் போய் நின்றுகொண்டு கூப்பிட்டாள்.

"இங்க வா அத்தை, இங்க சுடல."